டிராக்டர் இன்ஜின் ஆயில்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வர்த்தூர், சர்ஜாபுரம், ஆனேக்கல் பக்கம் தண்ணீர் டேங்கர் இழுக்கும் டிராக்டர்களுக்குக் கோடையில் இரவும் இல்லை, பகலும் இல்லை. அப்படி ஓடி இன்ஜின் பிடித்துக்கொண்டு, எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வரப்படும் வண்டிகளின் சம்பை, அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஆயில் அடிமட்டத்தில்தான் கிடக்கிறது. "விளக்கு எரியவே இல்லையே" என்கிறார்கள் ஓட்டுநர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. பம்பின் வாய் ஆயிலில் மூழ்கியிருக்கும்வரை அழுத்தம் சரியாகவே இருக்கும். மேட்டில் ஏறும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் மெட்டலுக்கும் (பேரிங்) நடுவே இருக்கும் மெல்லிய ஆயில் படலம் அறுந்து, மெட்டல் உருகி கிராங்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கிராங்கைக் கடைந்து புது மெட்டல் போட வேண்டும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கை உடைத்துவிட்டால் செலவுக்கு எல்லையே இல்லை. விளக்கு எரிந்தால் நின்ற இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள். வீடுவரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் அதிலுள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். அளவு தானாகக் கூடியிருந்தாலும் ஆபத்துதான்: பால் நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது, டீசல் வாடையோடு நீர்த்திருந்தால் டீசல் இறங்கியிருக்கிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

பல டிராக்டர்களுக்கு இன்ஜின் 250 மணி நேரம் ஓடியதும் ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும், கேபிளில் ஓடும் பழைய மீட்டர், இன்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் சரியான மணியைக் காட்டும். போர்வெல் வரிசையில் ஐடிலில் (வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடியபடி) நிற்கும் நேரத்தில் அது மெதுவாகவே நகரும்; இன்ஜின் உழைத்ததோ அதைவிட அதிகம். ஆகவே டேங்கர் வண்டிகளுக்கு மீட்டரில் 200 மணி நேரம் ஆனதுமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது நல்லது என்பது எங்கள் கருத்து. கையேட்டில் அதைவிடக் குறைவாக இருந்தால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆயிலுக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் எந்த ஓட்டுநரும் வாய் திறக்கமாட்டார். வண்டியிலேயே அதே கிரேடு ஆயில் ஒரு டின் வைத்துக்கொடுங்கள்.

டிரெயின் போல்ட்டிலோ ஆயில் சீலிலோ கசிவு இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. வரும்போது ஓட்டுநரையே அனுப்புங்கள். கம்பியைப் பார்க்கும் முறையை அவருக்கு நேரில் காட்டித் தருகிறோம்.

அன்புடன்,
டிராக்டர் பட்டறையினர்,
சர்ஜாபுரம் சாலை, பெங்களூரு