கோயில் கூரைத் திருப்பணி நிறைவு: மந்து உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

நம் மந்தின் (தோடர் குடியிருப்பின்) உறவுகள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் தோடர் கோயிலுக்குப் புதுக் கூரை வேய்ந்து முடிந்தது. பூசாரி உள்ளே சென்று விளக்கும் ஏற்றிவிட்டார். வரவு செலவுக் கணக்கு தனித் தாளில் இருக்கிறது. ரசீதுகளைப் பொருளாளரிடம் பார்க்கலாம்.

பணத்தைவிட நம்மை அலைய வைத்தது புல்தான். கூரை வேயும் அவுல் புல் நீலகிரிச் சதுப்புகளில் மட்டுமே வளர்வது. அந்தச் சதுப்புகள் பலவற்றில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டுவிட்டார்கள். வேறு சில தேயிலையும் காய்கறித் தோட்டமும் ஆகிவிட்டன. அதனால் இந்த முறை பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. வேரைத் தொடாமல் அறுத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்த இளைஞர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். மூங்கிலை வளைத்து, பிரம்பை நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, அதன்மேல் புல்லைப் பிடிபிடியாக வேய்ந்தார்கள். பெரியவர் ஒருவர் ஒவ்வொரு வரிசையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் அடுத்த வரிசைக்கு விட்டார். தகரம் போட்டால் செலவு மிச்சம் என்று சிலர் சொன்னார்கள். குழு ஏற்கவில்லை, அது சரியான முடிவு. முகப்புக் கல்லை அசைக்கவில்லை. தவழ்ந்து நுழையும் சின்ன வாசலும் பழைய அளவிலேயே இருக்கிறது.

அப்புறம், சுற்றுலாப் பயணிகள் விஷயம். ஊட்டிக்கு வருபவர்கள் நம் கோயிலையும் பார்க்க வருகிறார்கள், வரட்டும். ஆனால் போன சீசனில் படம் எடுப்பதற்காக ஒருவர் கல் சுவர்மேலேயே ஏறி நின்றார். இனி அது நடக்காது. எருமைகள் போகும் வழியை விட்டு விலகி, சுவருக்கு வெளியே தனி நடைபாதை போட்டிருக்கிறோம். தமிழ், மலையாளம், கன்னடம், ஆங்கிலத்தில் பலகையும் உண்டு. அழைத்துப் போய் விளக்கம் சொல்வது நம் பிள்ளைகள் மட்டுமே. அதற்கு வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு புல் நிதிக்குப் போகும்.

நடைபாதை முடியும் இடத்தில் பெண்களின் பூத்துக்குளி (பூவேலை செய்த போர்வை) கடை. நம் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தும், இயந்திரத்தில் போட்ட நகல்கள் கடைத்தெருவில் விற்கின்றன. இழை எண்ணிச் சிவப்பும் கறுப்பும் தைப்பதை வருகிறவர்கள் நேரில் பார்த்தால் வித்தியாசம் புரியும். விலையைத் தைத்தவரே சொல்வார், குழு தலையிடாது.

பாக்கி இருப்பது சதுப்பு. 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபை வழியாகச் சமூக உரிமை கோரும் மனு தயாராகிறது. சதுப்பில் முளைத்திருக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்க வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். வனத்துறையிடம் கேட்டுவிட்டு நாள் சொல்கிறோம்.

திருப்பணிக் குழு