பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். போனில் பேச வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் முகம் வெளுத்திருந்தது. வெளிச்சம் சரியில்லை என்றாய். முப்பது வருஷம் லேபில் விரல் குத்தினவனிடமா? கண்ணின் கீழிமையை இழுத்துக் கண்ணாடியில் பார். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போயிருந்தால் விடாதே.

வேறொன்று படித்தேன். 1991இல் 125 பேரின் கண்ணீரைச் சோதித்திருக்கிறார்கள். எல்லோரும் நல்ல ஆரோக்கியம். ஆனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 18 சதவீதம் பேருக்குக் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்ததாம். கர்ப்பிணிகளில் 7, ஆண்களில் 8. மாதவிலக்கு நின்றவர்களில் ஒருத்திக்கும் இல்லை. எனக்கு யூரினில் முக்கும் பட்டைதான் ஞாபகம் வந்தது. யூரின் தெளிவாகத்தான் இருக்கும். ரத்தம் கலந்திருந்தால் பட்டையின் மஞ்சள் கட்டத்தில் பச்சைப் புள்ளிகள் விழும். ஆனால் கண்ணீரில் இருக்கும் இந்த ரத்தத்தை வைத்து யாரும் நோய் சொல்வதில்லை. கண்ணீர் டெஸ்ட் என்று எவனாவது காசு கேட்டால் கொடுத்துவிடாதே.

கண்ணீர்வரை போய்த் தேடியிருக்கிறார்களே என்றிருந்தது. மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவிக் கேட்டேன். மாதவிலக்கு வலியில் மாசம் ரெண்டு நாள் லீவாமே. ஸ்கேன் நார்மல் என்று விட்டுவிட்டாயாமே. கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியே வெளியிலும் வளர்ந்து வலிக்கிற எண்டோமெட்ரியோசிஸ் பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. ஸ்கேனில் தெரியாமலும் போகும். இவ்வளவு படித்தவள், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமா? குழந்தை விஷயம் நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கமாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிடு.

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை. பாயில் சுருண்டு கிடந்தாய். டாக்டரிடம் காட்டலாம் என்றாள் அம்மா. இதுக்கெல்லாமா என்று நான்தான் ஒரு மாத்திரையைக் கொடுத்து சைக்கிளில் ஏற்றினேன். பள்ளிக்கூடம் வரைக்கும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தாய். இறங்கும்போது சட்டை கசங்கியிருக்கிறது என்று உன்னைத் திட்டினேன். கணக்கில் 94 வாங்கினாய். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தச் சைக்கிள் பயணத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஊரார் ரத்தமெல்லாம் பார்த்தேன், உன் ரத்தத்தை ஒரு நாள் பார்த்தேனா?

நல்ல பெண் டாக்டராகப் பார்த்துப் போ. வலியை ஒன்றுக்கு ரெண்டாகவே சொல், குறைத்துச் சொல்லாதே. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பக் கூச்சமாக இருந்தால் அம்மாவுக்கு அனுப்பு. அவளுக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது, என்னிடம்தான் கொடுப்பாள்.

அப்பா