கூரைக்கு ஸ்லேட் கல் போடலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஸ்லேட் கல் போடலாமா என்று நீ கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மழை விட்ட பிறகு அந்தக் கருநீலம் மினுங்குவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அப்பா நாற்பது வருஷம் கூரையைத் தாங்கும் கைமரம் இழைத்தவன். எந்தக் கூரையைப் பார்த்தாலும் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதான் என் கண் போகும்.

உங்கள் வீட்டில் இப்போது இருப்பது தகரம். சதுர மீட்டருக்கு 5 கிலோ இருந்தால் அதிகம். ஸ்லேட் அதன் கனத்தைப் பொறுத்து 30 முதல் 50 கிலோ வரை வரும். கூரை 150 சதுர மீட்டர் என்கிறாய். 40 கிலோ என்று வைத்தாலே 6 டன் ஆகிவிட்டது. பாரம் தாங்காத கைமரம் உடனே முறியாது, வருஷக் கணக்கில் மெல்லத் தொய்யும். மரம் தொய்ந்தால் கல் கூட வளையுமா? விரிசல்தான் விடும். அதனால் நிறம் தேர்ந்தெடுக்கப் போவதற்கு முன்னால் ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கூரையின் மரச்சட்டத்தைக் காட்டு. கூரையின் வாட்டத்தையும் அளக்கச் சொல். 12 அடி நீளத்துக்கு 4 அடியாவது ஏற வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் கல்லிடுக்கில் பின்னேறும்.

நான் சின்ன வயதில் அ, ஆ எழுதியது இதே கல்லில்தான். எத்தனை முறை தண்ணீர் விட்டுத் துடைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரு தடவை கை தவறிக் கீழே விழுந்தால் முடிந்தது. கூரை மேல் ஏறினாலும் அதன் குணம் அதேதான். வெயில், மழை, பனி எதுவும் நல்ல ஸ்லேட்டை அசைக்காது. தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, பெயிண்ட் கேட்காது. ஆள் மிதித்தால் மட்டும் உடையும்.

நல்ல ஸ்லேட் என்று அழுத்திச் சொல்கிறேன். வேல்ஸில் பென்ரின் குவாரிக் கல் நூறு வருஷத்தைத் தாண்டியும் கூரையில் கிடக்கும். எல்லாக் கல்லும் அப்படி இல்லை. பொருள்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அமைப்பின் விதியில் எஸ்1 என்றால் 75 வருஷத்துக்கு மேல், எஸ்3 என்றால் 20 முதல் 40 வருஷம்தான். 'ஸ்லேட் என்றால் நூறு வருஷம்' என்று விற்பவர் சொன்னால் எந்தத் தரம், எந்தக் குவாரி என்று கேள். ஒரு கல்லை விரலில் தொங்கவிட்டு மறு கையின் விரல் முட்டியால் தட்டிப் பார். கணீரென்று ஒலித்தால் எடு. சத்தம் மொத்தென்று அடங்கினால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

கல் நூறு வருஷம் இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் ஆணி இருக்குமா என்று பார். இரும்பாணி துருப்பிடித்து அறுந்தால் நல்ல கல்லே ஒவ்வொன்றாகச் சரிந்து விழும். அதனால் செம்பாணிதான் கேள். கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயிலும் செம்புத் தகடு வேண்டும். ஆணியை இறுக்கி அடிக்கவும் கூடாது, அடித்தால் துளையைச் சுற்றிக் கல் தெறிக்கும். தலை மேலே துருத்தினால் அடுத்த வரிசைக் கல் அதன் மேல் உட்கார்ந்து உடையும். கல் ஆணியில் மாட்டித் தொங்குவது போல இருக்க வேண்டும். ஒரு வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி மேலே வரும் கல்லும் கீழ்க்கல்லின் தலையை ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் மூட வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தில் மழை விழுந்தாலும் கீழே இரண்டு அடுக்கு கல்லாவது இருக்கும். இதெல்லாம் கை பழகியவர் செய்கிற வேலை. ஓடு மேய்ந்தவர்தானே, இதையும் மேய்ந்துவிடுவார் என்று விட்டுவிடாதே. ஏற்கெனவே ஸ்லேட் போட்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல், பத்து வருஷம் பழையதாக இருந்தால் நல்லது.

நம் பழைய வீட்டில் ஆன்டெனா கட்ட வந்த ஆள் ஓட்டின் மேல் நடந்து போனது நினைவிருக்கிறதா? அன்று ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மழையில் உன் படிப்பு மேசை நனைந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும், இன்றும் மனது கேட்கவில்லை. ஸ்லேட் போட்டால், சோலார் பலகை மாட்ட வருபவரையும் ஏணியும் பலகையும் இல்லாமல் மேலே விடாதே.

செலவு தகரத்தைவிடப் பல மடங்கு. அந்த வீட்டிலேயே கடைசிவரை இருப்பீர்கள் என்றால் போடு, அப்பாவுக்குச் சந்தோஷம்தான். மாப்பிள்ளைக்கு வேலை மாறும் யோசனை இருந்தாலோ, இன்ஜினியர் கொஞ்சம் தயங்கினாலோ விட்டுவிடு. சட்டத்தை மாற்றி ஸ்லேட் போடக் கடன் வாங்க வேண்டாம்.

போடுவதென்று முடிவானால் நூறு கல் கூடுதலாக வாங்கிச் சுவரோரம் நிமிர்த்தி அடுக்கி வை. பிறகு அதே நிறம் கிடைக்காது. முதலில் இன்ஜினியர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அப்பா