பரிசுக்குச் சிறார் நாவல் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி ஆண்டு விழா மேடைகளில் பரிசுப் புத்தகம் என்றால் திருக்குறள் உரை, ‘அக்னிச் சிறகுகள்’, பொது அறிவு வினா-விடை என்ற வட்டத்துக்கு வெளியே பெரும்பாலும் போவதில்லை. பிறந்தநாளுக்குத் தருகிற சித்தப்பாக்களும் அத்தைகளும் இன்னும் ஒரு படி மேலே போய், ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிறது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் பிள்ளை புத்தகத்தை மூடிவிடுகிறது. அப்புறம் அது ஷோகேஸில் உட்கார்ந்துவிடும். கல்கியைத்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஒரே புத்தகமாக முடிந்துவிடும் ‘பார்த்திபன் கனவு’ இருக்கிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஆளாளுக்குப் பதிப்பித்திருக்கிறார்கள். மலிவுப் பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும், பின்பக்க அச்சு முன்னால் தெரியும். சிலவற்றில் ‘சுருக்கம்’ என்று உள்ளே சின்னதாகப் போட்டிருப்பார்கள். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டு வாங்குவதில்தான் சிக்கலே தொடங்குகிறது. ஆங்கில வழியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் தமிழ் வாசிப்பு பல வீடுகளில் மூன்றாம் வகுப்பு அளவில் நிற்கிறது. ஆனால் அதன் கையில் சிங்கமும் முயலும் கதையைக் கொடுத்தால் அவமானமாக நினைக்கும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வயதுக்கேற்ற விஷயம், சின்ன அத்தியாயம், நிறைய உரையாடல், நூறு பக்கத்துக்குள் முடிகிற கதை. பெற்றோரிடம் “எந்த வகுப்பு?” என்பதோடு நிறுத்தாமல், “கடைசியாகத் தானாகவே படித்து முடித்த தமிழ்ப் புத்தகம் எது?” என்றும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். பிள்ளை கூடவே வந்திருந்தால் நடுப்பக்கம் ஒன்றை வாய்விட்டு வாசிக்கச் சொல்லலாம். ஐந்து இடத்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இந்த வருஷத்துக்கு வேண்டாம்.

தடுக்கி வாசிக்கிற பிள்ளைக்கு முதலில் நீட்ட வேண்டியது ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களை எழுதியது. கறாராகச் சொன்னால் நாவல் இல்லை. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் பள்ளி என்பதால் முதல் சில பக்கங்களிலேயே பிள்ளை உள்ளே போய்விடும். ஒவ்வொரு அத்தியாயமும் சில பக்கம்தான், தனியாகவும் நிற்கும். இரண்டு வாரம் விட்டுவிட்டு எடுத்தாலும் தொடர்பு அறுந்துபோகாது. நீள நாவல்களில் பிள்ளைகள் கழன்றுகொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஓரளவு சரளமாகப் படிக்கும் பத்து, பதினொரு வயதுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ நல்ல தேர்வு. கீழடியை வைத்து எழுதப்பட்ட நாவல்; 2023-ல் சாகித்ய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்ய புரஸ்கார் விருதைப் பெற்றது. அதே ஆண்டுதான் கீழடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் இருப்பவர்கள் புத்தகத்தோடு அங்கே ஒரு நாள் கூட்டிப்போவதையும் பரிசில் சேர்க்கலாம். கொஞ்சம் பெரிய, சாகசம் கேட்கிற பிள்ளைகளுக்கு ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. தினமணியின் சிறுவர் இணைப்பான சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயப் பனியில் கால்தடம் தேடிப் போகிற கதை, அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வைக்கிற மாதிரி எழுதப்பட்டது என்பதால் புத்தகமாகப் படிக்கும்போதும் கீழே வைக்க விடாது. கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) ‘பிஞ்சுகள்’ வேறு ருசி. பறவைகளும் கரிசல் காடும் நிறைந்த குறுநாவல், பேச்சு முழுக்க அந்த மண்ணின் வழக்கு. கோவில்பட்டிப் பக்கத்துத் தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இல்லாத வீட்டில் பெரியவர் ஒருவர் முதல் சில அத்தியாயங்களை உரக்க வாசித்துத் தொடங்கி வைக்க வேண்டியிருக்கும்.

கொடுப்பவர் முதலில் தான் படித்துவிட்டுக் கொடுக்க வேண்டிய புத்தகங்கள் சில உண்டு. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020-ன் பால சாகித்ய புரஸ்கார்) குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசுகிறது. பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டியதுதான். ஆனால் கலர் பேப்பரில் சுற்றி, யாரிடமும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படித்தபின் பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆள் தயாராக இருக்க வேண்டும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ சின்னப் புத்தகம், விலையும் குறைவு என்பதால் மொத்தமாக வாங்கி ஐந்தாம் வகுப்புக்கெல்லாம் கொடுக்கிறார்கள். அடி வலிக்காமல் இருக்கத் தன்மேல் தானே மருந்தைச் சோதித்து ஒரு சிறுமி சாகிற கதை அது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கொடுக்கலாம். ஆசிரியர்களுக்குக் கொடுத்தால் இன்னும் பொருத்தம். கிர்கிஸ் எழுத்தாளர் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ நூலையும் மெலிதாக இருக்கிறதே என்று சின்னப் பிள்ளைக்கு வாங்கிவிடுகிறார்கள். கிர்கிஸ் கிராமத்துப் பெண்ணை வலுக்கட்டாயமாக இரண்டாம் தாரமாகத் தூக்கிப் போகிற பகுதி அதில் இருக்கிறது. பதினான்கு வயதுக்கு மேல் அது போல ஒரு பரிசு கிடையாது. க்ரியா வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ அதன் படங்களால் ஏமாற்றும். எட்டு வயதுப் பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடும், பன்னிரண்டுக்கு மேல்தான் பிடிபடும்.

பழைய தலைமுறைச் சிறார் எழுத்தாளர் வாண்டுமாமாவைப் பற்றியும் கேட்பார்கள். நல்ல கதைகள்தான், ஆனால் ஐம்பது வயதுக்காரர்கள் அவற்றைத் தங்களுக்காகவே வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இனி, புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறை. அச்சில் பெரும்பாலும் பதினாறு பக்கம் ஒரு பாரம். பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போவதும், இரண்டு முறை சேர்வதும், தலைகீழாக மாட்டுவதும் உண்டு. முழுதும் புரட்ட வேண்டாம்: 16-17, 32-33, 48-49 என்று பார்த்துக்கொண்டே போனால் போதும். நடுவில் லேசாக விரித்துப் பாருங்கள். முதுகில் ‘சடக்’ என்று சத்தம் வந்து பசை பிளந்தால் வேறு பிரதி கேளுங்கள். புத்தகக் காட்சி நெருக்கத்தில் அவசரமாகக் கட்டி வந்தவற்றில் இது அதிகம். பத்து வயதுக்குக் கீழ் என்றால் எழுத்தின் அளவு 14 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையக் கூடாது. பளபளக்கும் வெள்ளைத் தாளைவிடப் பழுப்புச் சாயல் தாள் கண்ணுக்கு நல்லது. விலை ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள், பில்லை உள்ளேயே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற புத்தகமாக இருந்தால் மாற்றிக்கொள்ள உதவும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் பக்கத்தில் ‘அன்புடன்’ எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. சிறார் நூல்களைச் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சடிக்கும் பதிப்பகங்கள் நிறைய. ஒரே தலைப்பில் நாற்பது பிரதி கேட்டால் கையிருப்பு இருக்காது. விழாவுக்கு நான்கு நாள் முன்னால் கேட்டால் கடைக்காரர் இருக்கிறதைக் கட்டிக் கொடுப்பார், அதுதான் அந்தப் பொது அறிவு வினா-விடை. ஒரு மாதம் முன்பே பதிப்பகத்துக்கு நேரடியாக எழுதுங்கள். நாற்பதும் ஒன்றாக வேண்டாம். ஐந்து தலைப்பில் எட்டெட்டாக வாங்கினால் பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிப் படிப்பார்கள். புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி வழக்கம். மொத்தக் கொள்முதலுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதையும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை. சிறார் நூல் அறிமுகம் வெளியிடும்போது விலை, பதிப்பகத்தோடு பக்க எண்ணிக்கையையும் எந்த வயதுக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மரணம், வன்முறை போன்றவை கதையில் இருந்தால் அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். வெட்டி வைத்துக்கொண்டு கடைக்குப் போக வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
சிறார் நூலகப் பணியாளர் ஒருவர்,
திருச்சி.