கட்டணம் கட்டினேன், தேர்வுக்குப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூனியர் பதவி உயர்வில் தன்னைத் தாண்டிப் போய்விட்டார் என்று வாசகர்கள் குமுறி எழுதுவதை உங்கள் கடிதப் பகுதியில் அவ்வப்போது பார்க்கிறேன். பல கடிதங்களில் நியாயம் இருக்கிறது. ஆனால் என்னைத் தாண்டியவர்கள் யாரும் குறுக்கு வழியில் போகவில்லை, நானேதான் நடுவழியில் உட்கார்ந்துகொண்டேன்.

1989-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். துறையின் பெயர் வேண்டாம். உதவியாளர் ஆவதற்கு சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு முதல் பகுதி தேற வேண்டும், தேர்வாணையம் அதை வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரிலும் நடத்தும், அதுவும் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். மே என்றால் வீட்டில் கல்யாணம், டிசம்பர் என்றால் சபரிமலைக்கு மாலை. பணம் கட்டுவேன், ஹால் டிக்கெட் வரும், பீரோவுக்குப் போகும்.

ஒரே ஒரு தடவை போனேன். பக்கத்து மேசைக்காரர் புத்தகத்தில் கலர் கலராகச் சீட்டு ஒட்டிக்கிடந்தது, என் புத்தகத்தில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு மட்டும். முதல் மணி அடித்ததும் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் டீக்கடையில், "படிக்கவே இல்லப்பா, சும்மா போய்ப் பார்த்தேன்" என்று சொன்னேன் பாருங்கள், அதில் ஒரு பெருமை வேறு! ஆபீசில் எனக்கு, கோப்புகளில் நோட் எழுதுவதில் கெட்டிக்காரன் என்று பெயர். உட்கார்ந்து படித்துவிட்டுத் தவறினால் அந்தப் பெயர் என்னாவது? படிக்காமல் தவறினால் யாரும் எதுவும் கேட்க முடியாது. சோம்பேறித்தனம் என்பாள் மனைவி. சோம்பேறித்தனமாக இருந்திருந்தால் என்றைக்கோ தெளிந்திருப்பேன்.

இதற்கு 'செல்ஃப் ஹேண்டிகேப்பிங்', அதாவது தனக்குத்தானே முட்டுக்கட்டை போட்டுக்கொள்வது, என்று ஒரு பெயரே உண்டென்று பிறகு மகள்தான் சொன்னாள். 1978-ல் அமெரிக்காவில் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, பிரமாதமாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார்களாம். அடுத்த சுற்றுக்கு முன்னால், இது மூளையைச் சுறுசுறுப்பாக்கும் மருந்து, இது மந்தமாக்கும் மருந்து, எது வேண்டும் என்றால், பையன்களில் பலர் மந்த மருந்தைத்தான் கேட்டார்கள். அடுத்ததில் கோட்டைவிட்டாலும் பழி மருந்தின்மேல் போய்விடும் அல்லவா. எனக்கு அந்த மருந்து கல்யாணமும் சபரிமலையும்.

நம் அரசுப் பணியில் ஒரு வசதியும் உண்டு. பதவி உயர்வு இல்லாமல் ஒரே பதவியில் இருந்தாலும், 10 வருடத்தில் தேர்வு நிலை (செலக்‌ஷன் கிரேடு), 20 வருடத்தில் சிறப்பு நிலை என்று சம்பளம் பாட்டுக்கு ஏறும், அதனால் வலி தெரியாது. ஒருநாள் எனக்குக் கண்காணிப்பாளராக வந்து உட்கார்ந்தவர், பணியில் சேர்ந்த புதிதில் என்னிடம் நோட் எழுதக் கற்றுக்கொண்ட பெண். அன்று வலித்தது.

அவர் எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை, தேர்வு என்ற பேச்சையே எடுக்கவில்லை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு விடுப்பு விண்ணப்பத்தை நீட்டி, "சார், இது எந்த விதியில வருது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்பார். பக்கத்தைக் கண்டுபிடிக்க முதலில் கால் மணி நேரம் ஆனது. அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் ஒன்று. ஆறு மாதத்தில் என் புத்தகத்திலும் சீட்டு நிறைந்துவிட்டது. 2011 டிசம்பரில், 46 வயதில், தேறினேன்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். கடைசிச் சம்பளத்தில் பாதிதான் ஓய்வூதியம் என்பதால் அந்த ஹால் டிக்கெட்டுகளுக்கு இன்றும் மாதாமாதம் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலைவாய்ப்புப் பக்கத்தில் குரூப் 4 மாதிரி வினாக்கள் போடுகிறீர்கள், நல்லது. வேலையில் சேர்ந்தபின் எழுத வேண்டிய துறைத் தேர்வுகளுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்களேன். எந்த விதி எந்தப் பக்கம், சீட்டு எங்கே ஒட்டுவது என்று போட்டாலே போதும். மே தேர்வுக்கு முன்னால் வந்தால் நல்லது.

- ஓய்வுபெற்ற உதவியாளர், ஈரோடு