தரை என்னவென்று சொல்லிவிட்டு டெண்டர் விடுங்கள்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். புதிய பல்நோக்கு உள்விளையாட்டரங்கத்தின் மாதிரிப் படத்தை வெளியிட்டிருக்கிறீர்கள். எத்தனை நாள் கோரிக்கை இது என்பது உங்களுக்கே தெரியும். அரங்கம் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படத்தில் இருக்கைகள் இருக்கின்றன, வண்ண விளக்குகள் இருக்கின்றன, வாகன நிறுத்தம் இருக்கிறது. விளையாடும் தரை எது என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "கண்காட்சிக்கும் விடவேண்டுமே, டைல்ஸ் என்றால் பராமரிப்பு சுலபம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். என் பிள்ளைகள் சிமென்ட் தரையில் ஆடுகிறார்கள். எம்பிக் குதித்து இறங்கும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை காலில் விழும். அடியில் ரப்பரும் மரச்சட்டமும் கொடுத்துப் போட்ட மரத்தளம் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். சிமென்ட் வாங்காது, டைல்ஸும் வாங்காது; எல்லாம் முட்டிக்குத்தான். பயிற்சி முடிந்து பிள்ளைகள் படியிறங்குவதை ஒருநாள் வந்து பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் அவர்கள்! அணியிலேயே உயரமாக எம்பக்கூடிய பெண், மருத்துவர் சொன்னதால் ஆட்டத்தையே விட்டுவிட்டாள்.

கண்காட்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஐஸ் ஹாக்கி நடக்கும் அரங்குகளில் பனியின்மேல் காப்புப் பலகை அடுக்கி, அதன்மேல் மரத்தளத் துண்டுகளைப் பூட்டிக் கூடைப்பந்து நடத்துகிறார்கள். பனிக்கே வழி இருக்கும்போது, மரத்தளத்தின்மேல் விரிப்பைப் போட்டுக் கடை பரப்ப வழி இருக்காதா? அதனால் தரையை முதலில் முடிவு செய்யுங்கள்.

அப்புறம் கூரை. கூடைப்பந்துக்கு 7 மீட்டர் உயரம் போதும். பெரிய சர்வதேசப் பேட்மிண்டன் போட்டிகளுக்கு 12 மீட்டர் கேட்பார்கள், உலக அளவிலான வாலிபாலுக்கு 12.5. தரையையாவது பிறகு பெயர்த்துப் போடலாம், கட்டி முடித்த கூரையை யார் தூக்குவது? ஏசி காற்று ஆடுகளத்தில் நேராக வீசினால் ஷட்டில் போகும் போக்கே மாறிவிடும் என்பதையும் வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள்.

எதைக் கட்டினாலும் திறப்பு விழா நாளை நினைத்தே கட்டுகிறோம். மறுநாள் காலை அங்கே யார் வரப்போகிறார்கள் என்று யோசிப்பதில்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கத்தின் கடனை 2006இல்தான் அடைத்து முடித்தார்கள். அப்படிக் கடன் வாங்கிக் கட்டிய இடத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் இடம் இல்லையென்றால், பணமும் போய் ஆட்டமும் போய்விடும். எங்களுக்கு அந்தக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

சரி, கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன். மரத்தளத்தையும் கூரை உயரத்தையும் டெண்டர் ஆவணத்திலேயே எழுதுங்கள். எந்த வாடகை வந்தாலும் மாறாத பயிற்சி நேரத்தை அரங்க விதியிலேயே சேருங்கள். டெண்டர் விடுவதற்கு முன் வரைபடத்தை விளையாடுகிறவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்று சொன்னால், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர்