ஜூலையில் நெய்மீன் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் வழியில் ஒரு சிறிய சாப்பாட்டுக்கடை இருக்கிறது. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் விளைவதும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கரைகளில் அன்று ஏலம் போவதும் மட்டுமே அவர்கள் அடுப்பில் ஏறும். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையிலிருந்தும் ஆட்கள் வந்து சாப்பிடுகிறார்கள். சென்ற வாரம் காரில் வந்திறங்கிய ஒரு குடும்பம் அங்கே நெய்மீன் (வஞ்சிரம்) வறுவல் கேட்டது. "இன்றைக்குச் சாளை (மத்தி)தான் வந்திருக்கிறது" என்றார் கடைக்கார அம்மா. "இதெல்லாம் ஒரு ஹோட்டலா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் இனம் பெருகட்டும் என்று அரசு விதித்தது. கடல் இடம் கொடுக்கும் நாளில் நாட்டுப்படகு வள்ளக்காரர்கள் கொண்டுவருவதுதான் அப்போது நம் கரை மீன். இந்த இரண்டு மாதமும் கையகல மீன் துண்டு தவறாமல் பரிமாறும் கடைகளில், அது எந்த ஊர் மீன், எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. உள்ளதைச் சொன்னவர்களுக்குத்தான் ஏச்சு.

அந்தக் குடும்பம் எதை வேண்டாமென்று போனது தெரியுமா? காலையில் பிடுங்கிய மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) திறந்த பானையில் வேகவைத்து, தண்ணீரை அடியோடு வடிக்கிறார்கள். கிழங்கின் நச்சு அப்படி வடிப்பதில் வெகுவாகக் குறையும். பிறகு தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்து மசிக்கிறார்கள். கூட மண்சட்டியில் வைத்த சாளைப் புளிமுளம் என்னும் புளிக்குழம்பு. மீனே வராத நாளில் சக்கைக்கொட்டைத் தீயல், அதாவது பலாக்கொட்டை போட்டு, தேங்காய் வறுத்தரைத்த குழம்பு. சாப்பிட்டு முடித்தால் ஒரு மட்டி வாழைப்பழம். 2023இல் நம் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாவட்டமே பெருமைப்பட்டது. ஆனால் அதை இலையில் வைக்கும் ஓட்டல்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

'நாட்டுச் சாப்பாடு' என்று பலகை மாட்டும் கடைக்காரர்கள், அன்றைய மீன் எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதையும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் காய்கறி விலையோடு, குளச்சல் ஏலத்துக்கு அன்று என்ன மீன் வந்தது என்று நாலு வரி வெளியிட வேண்டுகிறேன். அதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஜூலையில் நெய்மீன் கேட்டுச் சண்டை போட மாட்டார்கள்.

வாசகர்,
குழித்துறை